மெதுவாக ஆடுகிறவர் மீது ஒரு புகார்

1

இந்த வாரம் எங்கள் ஊர் கோல்ஃப் மைதானத்தில், ஆட்டம் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். 'முன்னால் ஆடுகிறவர்களை விட்டுப் பின்தங்காதீர்கள். தாமதமானால் பின்னால் வருகிறவர்களுக்கு வழி விடுங்கள்.' அதை வாசித்ததும் எனக்கு உள்ளங்கை வேர்த்தது. ஸ்காட்லாந்தின் ஏப்ரல் குளிரில் உள்ளங்கை வேர்ப்பது அவ்வளவு சுலபமல்ல.

தாம்பரத்தில் இதைப் படிக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோல்ஃப் என்றதும் வெள்ளைத் தொப்பி போட்ட முதலாளியும், பின்னால் பையைச் சுமந்து ஓடுகிற ஆளும்தான் உங்களுக்கு ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, இந்தக் கடலோரச் சிற்றூரில் அது தெருவில் கில்லி ஆடுவது மாதிரி எல்லோருக்கும் பொதுவான விளையாட்டு என்று. மைதானம் நகராட்சியுடையது. தபால்காரர் ஆடுவார், கறிக்கடைக்காரர் ஆடுவார். என்னை இதற்குள் இழுத்துவிட்ட இயன், வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரவர் பை அவரவர் தோளில்.

சின்னப் பந்தை மட்டையால் அடித்து அடித்து, நீளமான புல்வெளியின் கோடியில் இருக்கும் குழியில் தள்ள வேண்டும். இப்படிப் பதினெட்டுக் குழிகள். மூன்று நான்கு பேர் கொண்ட குழுக்களாக ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புவோம். ஒரே தண்டவாளத்தில் வண்டிகள் போவது மாதிரிதான். முன்னால் ஒன்று நின்றால் பின்னால் எல்லாம் நிற்கும். அதனால் மோசமாக ஆடினால் இங்கே யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மெதுவாக ஆடினால் மன்னிக்க மாட்டார்கள்.

போன வருடம் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ஏழாவது குழி. நான் பந்துக்கு முன்னால் மட்டையோடு நின்றுகொண்டிருந்தேன். திடீரென்று என் குதிகாலுக்குப் பின்னால் இன்னொரு பந்து வந்து விழுந்து, தலை உயரத்துக்கு எழும்பி, காதோரமாக விர்ரென்று போனது. கோல்ஃப் பந்து கல் மாதிரி. நெற்றியில் பட்டிருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

முன்னால் ஆள் நிற்கும்போது அடிப்பது இங்கே பெரிய குற்றம். இயன் திரும்பிக் கத்தினார். பின்னால் இருந்தவர்களில் ஒருவன் பதிலுக்குக் கத்தினான்.

"எவ்வளவு நேரமா நிக்கிறோம் தெரியுமா? உங்க ஃப்ரெண்டு என்ன, பந்துக்கு ஜெபம் பண்றாரா?"

இயன் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் இருந்த கோபம் மெல்ல இறங்கி வேறு ஏதோ ஆனது.

"ராஜ், நீ ஏன் அடிக்கல?"

"அடிக்கத்தான் போனேன்" என்றேன்.

அது பொய்யில்லை. பந்தைப் பார்த்தேன், மட்டையைப் பிடித்தேன், தூக்கு என்று கைக்குச் சொன்னேன். கை கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். பின்னால் காத்திருப்பவர்களின் முணுமுணுப்பு கேட்கக் கேட்க, கையும் காலும் இன்னும் இறுகின. பந்து காதோரம் பறந்ததற்கு நான் பயப்படவே இல்லை. அதற்கு முன்னாலேயே பயந்து முடித்திருந்தேன்.

2

வந்த புதிதில் இந்த மைதானத்தில் எனக்கு ஒரு பெரிய அவமானம் நடந்தது. அப்போது ஆடத் தெரியாததால் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த ஒரு கிழவர் பக்கத்தில் வந்து, தொப்பியைத் தொட்டு, "நாங்கள் முந்திப் போவதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார். ஆங்கிலத்தில் கேள்வியை அப்படித்தான் போடுவார்கள். நான் நம் ஊர்ப் பணிவோடு தலையை ஆட்டிக்கொண்டு, "எஸ், எஸ்" என்றேன். ஆட்சேபணை உண்டு, உண்டு என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். கிழவர் முகம் சிவக்கத் திரும்பிப் போய்விட்டார். இயன் பீர் குடிக்கும் இடத்தில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எனக்கு ஊருக்குள் ஒரு பெயரே வாங்கிக் கொடுத்தார்.

அப்புறம் இயன் எனக்கு முறைகளைச் சொல்லிக் கொடுத்தார். உன் முறை வருவதற்குள் தயாராக நில். தொலைந்த பந்தை ஐந்து நிமிடத்துக்கு மேல் தேடாதே. குழியில் பந்தைப் போட்டுவிட்டு அங்கேயே நின்று கணக்கு எழுதாதே. பின்னால் யாராவது நின்றால் கையை உயர்த்தி அசைத்து அவர்களை முதலில் போகவிடு. சீக்கிரமே நான் வேகமாக ஆடுகிறவன் என்று பெயர் எடுத்தேன். வேகம் எனக்குப் புதிதல்லவே.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் செம்பாக்கத்திலிருந்து தினமும் சைக்கிளில் தாம்பரம் ஸ்டேஷனுக்கு வந்து, கிண்டித் தொழிற்பேட்டையில் ஒரு டிராயிங் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். டேனியல் என்று ஒரு நண்பனும் அதே வண்டி. மேம்பாலம் இருந்தது. அதில் ஏறி இறங்க யாருக்குப் பொறுமை? பிளாட்பாரத்திலிருந்து குதித்து, தண்டவாளத்தைத் தாண்டி, அடுத்த பிளாட்பாரத்தில் கையை ஊன்றி ஏறிவிடுவேன். நகரத் தொடங்கிய வண்டியில் கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தால், டேனியல் மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருப்பான்.

"மச்சான், உனக்குக் காலா சக்கரமா?" என்பான். அவன் தங்கை எஸ்தரைத்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டேன்.

சில காலைகளில் தண்டவாள ஓரத்தில் பாய் போட்டு எதையோ மூடியிருப்பார்கள். பக்கத்தில் ஒற்றைச் செருப்பு கிடக்கும். போலீஸ்காரர் ஒருவர் பீடி குடித்துக்கொண்டு நிற்பார். நாங்கள் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்து, பாவம் என்று சொல்லிவிட்டு, கிரிக்கெட் பேசப் போய்விடுவோம். தடுமாறுகிறவர்களுக்கு, காது கேட்காதவர்களுக்கு, வயசானவர்களுக்கு நடப்பது அது. அப்படித்தான் நாங்கள் நினைத்திருந்தோம்.

3

ஏழாவது குழிச் சம்பவத்தை வீட்டில் சொல்லவில்லை.

சொல்லாமல் வைத்தது அது ஒன்று மட்டுமல்ல. ஆபீசில் என் வரைபடங்களைப் பார்த்த மேலதிகாரி, "ராஜ், உன் எழுத்தைப் படிக்க இனி பூதக்கண்ணாடி வாங்கணும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு என் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தேன். முதல் பெயர் சரியாக இருக்கும். அடுத்தது கொஞ்சம் சின்னதாகும். வரி முடிவதற்குள் ஞானராஜ் என்பது எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். பேப்பரைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

சட்டைப் பொத்தான் போட நேரமானது. நடக்கும்போது இடது கை வீசாமல் பக்கத்தில் தொங்கியது. எங்கள் மகள் நிம்மிக்கு அப்போது பதினாறு வயது. காதில் வாக்மேன் மாட்டிக்கொண்டு, நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிற வயது. ஒருநாள் கடைத்தெருவில் என்னை விட்டு விலகி முன்னால் நடந்துகொண்டே, "நீங்க ஏன் இப்படி காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடக்கிறீங்க? எல்லாரும் பாக்கிறாங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அன்றிலிருந்து என்னோடு கடைக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

இங்கே டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் வரவேற்பில் இருக்கும் அம்மாவிடம் என்ன கோளாறு என்று சொல்ல வேண்டும். போன் செய்தேன். "நான் ஸ்லோ ஆகிவிட்டேன்" என்றேன். அந்த அம்மா அன்பாக, "நாம எல்லாரும் அப்படித்தானே, கண்ணு" என்றார். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கு வார்த்தை வரவில்லை. போனை வைத்துவிட்டேன். வைத்ததும் ஒரு நிம்மதி. பெயர் தெரியாத வரைக்கும் அது இல்லை என்று இருக்கலாம் அல்லவா?

ஜூன் மாதத்தில் கிளப் செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முன்னாள் வங்கி அதிகாரி. நல்ல மனிதர். அதனாலேயே அவருக்குத் தர்மசங்கடம்.

"ராஜ், கமிட்டிக்குப் புகார் வந்திருக்கு. ஒருத்தர் இல்ல, நாலைஞ்சு பேர். நீங்க பின்னால வர்றவங்களை நிறுத்தி வைக்கிறீங்களாம்."

"இனிமே வேகமா ஆடறேன்."

"வேகமா ஆடுங்க. இல்லேன்னா வழியாவது விடுங்க. இன்னொரு தடவை வந்தா சனிக்கிழமை ஆட்டத்துல பேரை எடுக்க வேண்டி வரும்."

வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். சாவியைத் துவாரத்தில் நுழைக்க முடியவில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது. பயத்தில் நடுங்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்றக் கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அது நிற்கும்வரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4

ஆகஸ்டில் டேனியலின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். மூன்று பேரும் ஊருக்கு வந்தோம்.

செம்பாக்கத்தில் டேனியல் வீட்டில் இறங்கியதும் எனக்கு ஒரு விசித்திரமான ஆறுதல் கிடைத்தது. என் மெதுநடை அங்கே யாருக்கும் கோளாறாகத் தெரியவில்லை. "வெளிநாட்டுல இருந்துட்டு வந்தவரு, அப்படித்தான் நிதானமா நடப்பாரு" என்று விட்டுவிட்டார்கள். முகத்தில் அசைவு குறைந்திருந்ததைக் கம்பீரம் என்று எடுத்துக்கொண்டார்கள். டேனியல் மட்டும் கிண்டல் செய்தான்.

"மச்சான், துரை மாதிரி நடக்கிறியே! பழைய சக்கரம் எங்க?"

"கழட்டி வச்சிட்டேன்."

எஸ்தர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு எதையோ எடுக்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டாள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், பழைய டிராயிங் ஆபீஸ் நண்பர் ஒருவருக்குப் பத்திரிகை வைக்கப் பெருங்களத்தூர் போனோம். டேனியல் கல்யாண வேலையில் இருந்ததால் நாங்கள் மூவரும் பஸ்ஸில் போய் ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்கினோம். தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும். கேட் மூடியிருந்தது. லாரியும் ஸ்கூட்டரும் உறுமிக்கொண்டு நின்றன. நடந்து போகிறவர்கள் யாரும் நிற்கவில்லை. குனிந்து கம்பிக்கு அடியில் நுழைந்து போய்க்கொண்டே இருந்தார்கள். ஆயிரம் தடவை நான் செய்ததுதான்.

நிம்மி வாக்மேனோடு முதலில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். எஸ்தர் சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். நான் குனிந்து, நிமிர்ந்து, முதல் தண்டவாளத்தைத் தாண்டினேன். தாம்பரம் பக்கம் பார்த்தேன். தூரத்தில் மின்சார ரயிலின் முகம் தெரிந்தது. நிறைய நேரம் இருந்தது.

பின்னால் யாரோ, "சார், வண்டி வருது, சீக்கிரம் போங்க" என்றார்கள்.

அந்தச் சொல்லில் என் கால்கள் நின்றுவிட்டன.

5

எப்படி நின்றன என்று சொல்ல முயல்கிறேன். வலி இல்லை, மயக்கம் இல்லை. கண் தெளிவாகத் தெரிந்தது. ஜல்லிக் கற்களுக்கு நடுவே கிடந்த ஒரு பான்பராக் உறைகூடத் தெரிந்தது. இடுப்புக்கு மேலே நான் முன்னால் போக வேண்டும் என்று சாய்ந்துகொண்டிருந்தேன். இடுப்புக்குக் கீழே யாரோ என்னை சிமெண்ட் ஊற்றி நட்டிருந்தார்கள். பாதங்கள் மட்டும் செருப்புக்குள் நடுங்கின.

வண்டி ஊதியது.

இரண்டு பக்கமும் கத்த ஆரம்பித்தார்கள். "ஓடு!" "யோவ், ஓடுய்யா!" ஒவ்வொரு குரலும் ஒரு ஆணி மாதிரி என்னை இன்னும் ஆழமாக அறைந்தது. நகர் என்று காலுக்குச் சொன்னேன். கெஞ்சினேன். மனதுக்குள் அழுதேன். பாய், ஒற்றைச் செருப்பு, பீடி குடிக்கிற போலீஸ்காரர் எல்லாம் வரிசையாக வந்தன. நாளை காலை ஏதோ ஒரு வண்டியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்துப் பாவம் என்று சொல்லப் போகிறார்கள்.

அப்போது எஸ்தர் திரும்பி வருவதைப் பார்த்தேன்.

அதுவரை இருந்ததெல்லாம் பயமே இல்லை. அவள் எனக்காக அந்தத் தண்டவாளத்துக்குத் திரும்பி ஓடி வருகிறாளே, அதுதான் பயம். "வராதே" என்று சொல்ல வாயைத் திறந்தேன். குரலும் வரவில்லை. அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை. ஓடி வந்த வேகத்திலேயே தோளால் என் நெஞ்சில் மோதினாள். நான் வெட்டிய மரம் மாதிரிப் பின்பக்கம் சாய்ந்தேன். அவளும் என் மேலேயே விழுந்தாள். யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்து ஜல்லியில் இழுத்தார்கள். காற்று முகத்தில் அறைந்தது. வண்டி எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது.

எஸ்தர் என் மேலிருந்து தலையைத் தூக்கி, "நிம்மி!" என்று அலறினாள்.

நிம்மி அந்தப் பக்கம் இருந்தாள். நடுவில் வண்டி. அதன் சக்கரங்களுக்கு இடையில் வெளிச்சம் விட்டுவிட்டுத் தெரிந்தது. அவளுக்கும் அவ்வளவுதான் தெரிந்திருக்கும். அப்பா தண்டவாளத்தில் நின்றதையும் அம்மா அங்கே ஓடியதையும் பார்த்தாள். பிறகு வண்டி வந்து மறைத்துக்கொண்டது. அந்தப் பக்கத்தில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று தெரியாமல் அந்தப் பெண் காத்திருந்த நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மூச்சு நிற்கிறது.

கடைசிப் பெட்டி போனது. நிம்மி தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தாள்.

கூட்டம் கூடிவிட்டது. ஒருவர், "காலங்காத்தால போட்டுகினு வந்து தண்டவாளத்துல நிக்குது பாரு" என்றார். காலரைப் பிடித்து இழுத்த அம்மாள் கீரைக்காரி. கூடை கவிழ்ந்து கீரையெல்லாம் சிதறிக் கிடந்தது. அவள் என்னைக் குனிந்து பார்த்து, "இன்னா சார், வண்டி வந்துகினு கீது, நீ பாட்டுக்கு செலயாட்டம் நிக்கிறே. வூட்ல எதுனா பேஜாரா?" என்று கேட்டாள்.

எஸ்தருக்கு முழங்கையில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. எழுந்து நின்று, சேலையைச் சரிசெய்துகொண்டு, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அவரு குடிக்கமாட்டாரு. வீட்லயும் ஒரு பிரச்சினையும் இல்ல. அவருக்கு உடம்பு சரியில்ல."

அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் முதன்முதலாகச் சொன்னது அவள்தான். அதுவும் ஒரு ரயில்வே கேட்டில், முன்பின் தெரியாதவர்களிடம்.

கீரையைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, பத்திரிகை வைக்காமலே திரும்பினோம். பஸ்ஸில் எஸ்தர் மெதுவாகக் கேட்டாள்.

"எத்தனை நாளாங்க?"

"உனக்குத் தெரியுமா?"

"கை வீசாம நடக்கிறதைப் பார்த்தேன். கேட்டா நீங்க ஆமான்னு சொல்லிருவீங்களோன்னு பயம். அதான் கேக்கல."

நான் சொல்லப் பயந்தேன். அவள் கேட்கப் பயந்தாள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே பயத்தைத் தனித்தனியாக வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். நிம்மி முன் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாக்மேனை எங்கேயோ தொலைத்துவிட்டிருந்தாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

6

டேனியலிடம் சொன்னதும் கல்யாண வேலையை அப்படியே போட்டுவிட்டு, குரோம்பேட்டையில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் என்னை நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், விரலோடு விரல் தட்டச் சொன்னார். என் கையைப் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். கடைசியில் என் பெயரை எழுதச் சொன்னார். எழுதினேன். அவர் சின்னதாகத் தலையாட்டினார்.

"ஸ்லோ ஆயிட்டீங்கன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

"ஒரு கமிட்டியே சொல்லிச்சு, சார்" என்றேன்.

கோல்ஃப் கதையைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நோயின் பெயரைச் சொன்னார். பார்க்கின்சன். மூளையிலிருந்து போகிற கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. குணமாகாது, ஆனால் மாத்திரையால் ரொம்ப வருஷம் ஓட்டலாம். இப்படிக் கால் ஒட்டிக்கொள்வது சிலருக்கு வரும். அவசரப்படுத்தினால் அதிகமாகும்.

"யாராவது சீக்கிரம்னு சொன்னா நின்னுடும் சார். அதுதான் இதோட குணம்" என்றார்.

டேனியல் வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சக்கரம் எங்கன்னு கேட்டேனே மச்சான்" என்றான். நான் அவன் தோளில் கை வைத்தேன். அந்த வாரம் முழுதும் அவன் எனக்காக எல்லா இடத்திலும் மெதுவாக நடந்தான். கல்யாணத்தில் பெண்ணின் மாமா என்று மேடைக்குக் கூப்பிட்டபோது, என்னோடு சேர்ந்து அவனும் ஒவ்வொரு படியாக ஏறினான். எஸ்தர் முழங்கைக் கட்டை முந்தானையால் மறைத்துக்கொண்டு விருந்தாளிகளை வரவேற்றாள்.

7

திரும்பி வந்த பிறகு இங்கே நடக்க வேண்டியவை நடந்தன. டாக்டரின் வரவேற்பு அம்மாவிடம் இந்தத் தடவை எஸ்தர் பேசினாள். அதே வாரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். கார் ஓட்டுவது பற்றி அரசாங்கத்துக்குத் தெரிவித்தேன். அவர்கள் பரிசீலிக்கிறோம் என்றார்கள், இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார்கள். மேலதிகாரி என்னை வரைபடப் பலகையிலிருந்து சரிபார்க்கும் வேலைக்கு மாற்றினார். மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரங்களில் நான் பழைய ஆள் மாதிரியே இருக்கிறேன். அந்த நேரங்களிலும் பயம் போவதில்லை. மாத்திரையின் வேகம் எப்போது தீரும் என்று உடம்பைக் கவனித்துக்கொண்டே இருக்கிறேன்.

இயனிடம் சொன்னேன். "அன்னைக்கு நான் அவங்களைப் பார்த்துக் கத்தினதுக்குப் பதிலா உனக்கு என்ன ஆச்சுன்னு கேட்டிருக்கணும்" என்றார். செயலாளர் கையைப் பிடித்துக்கொண்டார். புகாரை வாபஸ் வாங்க வைக்கிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். புகார் உண்மைதானே. காத்திருப்பவர்களுக்கு என் நோய் எப்படித் தெரியும்? அவர்களுடைய சனிக்கிழமையும் ஒரு சனிக்கிழமைதான். சனிக்கிழமைக் குழுவிலிருந்து என் பெயரை நானே எடுத்துவிட்டேன். ஞாயிறு மாலையில், கூட்டம் குறைந்த நேரத்தில், கொஞ்சக் குழிகள் மட்டும் ஆடிக்கொள்கிறேன் என்றேன்.

எஸ்தருக்கு முழங்கை ஆறிவிட்டது. ஆனால் எங்கே போனாலும் எனக்குப் பின்னால் ஒரு எட்டுத் தள்ளியே வருகிறாள், முன்னால் போவதே இல்லை. தூக்கத்தில் சில சமயம் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள்.

நிம்மி அந்த நாளைப் பற்றிப் பேசவே இல்லை. ஊரிலிருந்து வந்த பிறகு என்னோடு பேசுவதே இன்னும் குறைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பெண்ணை இழந்துவிட்டோம், அவள் பார்க்கக்கூடாததைப் பார்க்க வைத்துவிட்டோம் என்று எனக்கும் எஸ்தருக்கும் கவலை.

புதுப் பலகை நட்ட இந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை, நான் பையைத் தோளில் மாட்டும்போது அவள் மாடியிலிருந்து இறங்கி வந்து, பையை என்னிடமிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

நாலு குழிகள் நன்றாகப் போயின. பின்னால் ஆள் வந்தபோதெல்லாம் நிம்மி ஓரமாக நின்று கையை உயர்த்தி அசைத்து அவர்களை முந்திப் போகச் சொன்னாள். அவர்களும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். ஐந்தாவது குழியில் பந்துக்கு முன்னால் நின்றேன். மட்டையைப் பிடித்தேன். கை ஒட்டிக்கொண்டது.

முன்னால் வழி காலியாக இருந்தது. பின்னால் புல்லில் பூட்ஸ் சத்தம் கேட்டது. பேச்சுக் குரல்கள் வந்து, என்னைப் பார்த்ததும் அடங்கின. மட்டை ஒன்று பையில் இடிபடும் ஓசை. எத்தனை பேர் என்று தெரியவில்லை. என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. தண்டவாளத்தில் வந்த அதே பயம் முதுகில் ஏறியது.

நிம்மி பக்கத்தில் வந்து நின்றாள். அவளுடைய தமிழ் உடைந்த தமிழ். அதைப் பேசி எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

"அப்பா" என்றாள். "மெதுவா அடிங்க. பின்னாடி யாருமே இல்ல."

பின்னால் யாரோ ஒருவர் தொண்டையைச் செருமினார். இன்னொருவர் அவரை உஷ் என்று அடக்கினார்.

நான் மட்டையைத் தூக்கினேன்.